ரெண்டு எல்பாருக்கும் ஒரே தின் பூல்: 58 சதவீதத்திலேயே ‘இடம் இல்லை’ன்னு விஎம் எல்லாம் நிக்குது

தண்டையார்பேட்டை_திரெட்

எல்லாருக்கும் வணக்கம். துறைமுகச் சரக்கு ஆவணம் சம்பந்தப்பட்ட செயலிகள், எல்லாமே லினக்ஸ் விஎம்ல (மென்பொருளால உருவாக்கின மெஷின்) ஓடுது. நாங்க உட்கார்ந்திருக்கிறது தண்டையார்பேட்டை. மெஷின் இருக்கிறது வேற ஊர் டேட்டா சென்டர்ல. கையால தொட்டுப் பார்க்கிற வேலையே கிடையாது. ஸ்டோரேஜும் இன்னொரு டீம் கையில.

அமைப்பு இதுதான். ஒரு லினக்ஸ்ஒன் பெட்டி (லினக்ஸ் ஓட்டுற ஐபிஎம் மெயின்ஃப்ரேம்), அதுல ரெண்டு எல்பார் (ஒரே பெட்டியைத் தனித்தனி மெஷின் மாதிரி பிரிச்ச பகுதி). ஏ, பி-ன்னு வச்சுக்கங்க. ரெண்டுலயும் ஆர்ஹெச்இஎல் 9 (ரெட் ஹாட் லினக்ஸ்), கேவிஎம் ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கி ஓட்டுறது). எஃப்சிபி (ஃபைபர் வழி ஸ்கசி இணைப்பு) வழியா 4 டிபி லன் (ஸ்டோரேஜ் பெட்டி தர்ற டிஸ்க்) ஒண்ணு, ரெண்டு எல்பாருக்கும் தெரியும், மல்டிபாத்ல 4 பாதை. அந்த லன் மேல ஒரு விஜி (எல்விஎம்ல டிஸ்குகளோட தொகுப்பு), அதுல எல்விஎம் தின் பூல் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்குற கிடங்கு), அதுல 40 விஎம்முக்கு ஆளுக்கு 200 ஜிபி தின் எல்வி (விஎம் தன் டிஸ்கா பார்க்கிற பகுதி). காகிதத்துல 8 டிபி. நிஜத்துல ஒரு விஎம் 50, 60 ஜிபிதான் எழுதியிருக்கு. போன வாரம் வரைக்கும் எல்லாம் ஏ-லதான் ஓடிச்சு. லைவ் மைக்ரேஷன் (ஓடுற விஎம்மை நிறுத்தாம அடுத்த எல்பாருக்கு மாத்துறது) வேணும்னு பி-லயும் விஜியை ஆக்டிவேட் பண்ணி 3 விஎம்மை அங்க தூக்கி வச்சோம்.

இப்ப பிரச்சினை:

1. நேத்து ராத்திரி ஏ-ல 6 விஎம் ‘பாஸ்டு’ (உறைஞ்சு நிக்கிற) நிலைக்குப் போயிடுச்சு. விர்ஷ் டாம்பிஎல்கேஎரர் போட்டா ‘விடிஏ: நோ ஸ்பேஸ்’. ஆனா தின் பூல் 58 சதவீதம்தான் நிரம்பியிருக்கு.
2. விஎம்முக்குள்ள பழைய லாக் 30 ஜிபி அழிச்சாலும் பூல் அளவு ஒரு புள்ளிகூட இறங்கல.
3. ஏ-ல எல்விஎஸ் போட்டா 58.41. அதே பூலை பி-ல பார்த்தா 55.90. எது சரி?
4. ஸ்டோரேஜ் டீம் இப்ப “எஃப்சிபி வேணாம், 3390 மாடல் 54 டிஸ்க் தர்றோம், அதுவும் தின்தான்” அப்படிங்கறாங்க (3390-ங்கிறது மெயின்ஃப்ரேமோட சொந்த வகை டிஸ்க், டாஸ்டி-ன்னும் சொல்வாங்க). போகலாமா?

கட்டளைகளை நம்ம திரி வழக்கப்படி தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன்.


பெரம்பூர்_டாஸ்டி

மத்ததை அப்புறம் பேசலாம். மூணாவது கேள்விதான் உயிர் போற விஷயம். ஒரே பூலுக்கு ரெண்டு எல்பார்ல ரெண்டு சதவீதம் வருதுன்னா, ரெண்டு கர்னலும் ஆளுக்கொரு கணக்கு நோட்டு வச்சுக்கிட்டு ஒரே கிடங்குல சரக்கு இறக்குதுன்னு அர்த்தம். எது சரின்னு கேட்டா, ரெண்டுமே சரியில்லை.

தின் பூல்ல எந்தத் துண்டு எந்த எல்விக்குச் சொந்தம்னு ஒரு மெட்டாடேட்டா மரம் இருக்கு, அது டிமெட்டா-ங்கிற தனி எல்வியில உட்கார்ந்திருக்கும். பூலை ஆக்டிவேட் பண்ற கர்னல் அதை நினைவகத்துக்கு எடுத்துக்கிட்டு, இனி நான் மட்டும்தான் எழுதுவேன்னு நம்பி வேலை செய்யும். இன்னொரு ஹோஸ்ட் அதே மரத்தை மாத்துதுன்னு அதுக்குத் தெரிய வழியே கிடையாது. ஏ காலியா இருக்குன்னு நினைக்கிற துண்டை பி-யும் காலின்னு நினைச்சு எழுதும். அப்புறம் யார் கமிட் கடைசியோ அவங்க மரம் நிக்கும். எல்விஎம்லாக்டி (ஹோஸ்ட்களுக்கு நடுவுல எல்விஎம் போடுற பூட்டு) போட்டாலும் இது மாறாது: அதுல தின் பூலை எக்ஸ்க்ளூசிவாத்தான் திறக்க முடியும், ஷேர்டா திறக்க விடாது. நீங்க அந்தப் பூட்டே இல்லாம விட்டதால எல்விஎம் ரெண்டு பக்கமும் வாயைத் திறக்காம ஆக்டிவேட் பண்ணிக் கொடுத்திருக்கு.

இப்ப அவசரப்பட்டு பி-ல விஜிசேஞ்ச் -ஏஎன் அடிச்சிடாதீங்க. ஒழுங்கா மூடுறதுதானே நல்லதுன்னு தோணும். ஆனா பூலை மூடும்போது பி தன்கிட்ட இருக்கிற பழைய கணக்கை ஒரு தடவை கமிட் பண்ணிட்டுத்தான் போகும். ஏ ஒரு வாரமா எழுதினதுக்கு மேல அது ஏறி உட்கார்ந்துடும். பி-யை ஒழுங்கா ரீபூட் பண்ணாலும் இதே கதைதான். வரிசை இப்படி இருக்கட்டும்:

முதல்ல ரெண்டு எல்பார்லயும் ஓடுற விஎம்களுக்குள்ள போய், ஃபைல் அளவுல பேக்கப் எடுங்க, வேற இடத்துக்கு, நெட்வொர்க் வழியா. டேட்டாபேஸ்னா அதோட சொந்த டம்ப். எல்வி இமேஜை அப்படியே நகலெடுக்கிறது இப்போதைக்குப் பேக்கப் ஆகாது. ஏற்கெனவே ‘பாஸ்டு’ல நிக்கிற ஆறும் இடம் கிடைச்சு எழுந்த பிறகுதான் எடுக்க முடியும்.

அடுத்து ஸ்டோரேஜ் டீம்கிட்ட சொல்லி, பி-யோட டபிள்யூடபிள்யூபிஎன்களுக்கு (எஃப்சிபி முகவரி) அந்த லன்னை மாஸ்க்லேருந்து (யாருக்கு எந்த லன் தெரியணும்ங்கிற பட்டியல்) எடுத்துடச் சொல்லுங்க. பி எழுத முடியாமப் போன பிறகுதான் பி-யை ரீபூட் பண்ணணும். மல்டிபாத்ல ‘க்யூ இஃப் நோ பாத்’ (பாதை இல்லாட்டி எழுத்தை வரிசையில காக்க வைக்கிறது) போட்டிருந்தா பி தொங்கி நிக்கும். எச்எம்சி-லேருந்து (மெயின்ஃப்ரேமை இயக்குற கன்சோல்) வலுக்கட்டாயமா இறக்குங்க.

அதுக்கப்புறம் ஏ-ல விஎம்களை இறக்கி, பூலை மூடித் திறங்க. திறக்கும்போது எல்விஎம் தானே தின்_செக் ஓட்டும். தப்பு இருந்தா பூல் எழும்பாது, எல்விகன்வர்ட் --ரிப்பேர் தேவைப்படும். தப்பு இல்லைன்னு வந்தாலும் நிம்மதி ஆயிடாதீங்க. தின்_செக் பார்க்கிறது கணக்கு நோட்டை மட்டும்தான். ஏ-யோட நோட்டு சுத்தமா இருந்தும், அதுல உள்ள துண்டு மேல பி எழுதியிருக்கலாம். அதனால ஒவ்வொரு விஎம்லயும் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என் (ஃபைல்சிஸ்டத்தைத் திருத்தாம சோதிக்கிறது), அப்புறம் டேட்டாபேஸோட சொந்தச் சரிபார்ப்பு. பி-ல ஒரு வாரத்துல எவ்வளவு எழுதினாங்களோ, அவ்வளவு தூரம்தான் சேதம் பரவியிருக்க முடியும்.

முதல் கேள்விக்கு என் ஊகம்: உங்க 4 டிபி லன்னே ஸ்டோரேஜ் பெட்டியில தின். டிமெசேஜ்ல ‘கிரிட்டிகல் ஸ்பேஸ் அலோகேஷன் எரர்’ இருக்கான்னு பாருங்க.


தண்டையார்பேட்டை_திரெட்

இருக்கு அண்ணே. நேத்து ராத்திரி 1:40-லேருந்து வரிசையா. சென்ஸ் கீ 7, 27, 07.

பி-ல யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். பேக்கப் ஓடிக்கிட்டிருக்கு. பாஸ் ஆன 6 விஎம்மை ரீசெட் பண்ணிடலாமா?


பெரம்பூர்_டாஸ்டி

பண்ணாதீங்க. க்யூஎமு-வோட (விஎம்மை ஓட்டுற ப்ரோக்ராம்) இயல்பே, எழுதும்போது இடம் இல்லைன்னு பதில் வந்தா விஎம்மை அப்படியே உறைய வைக்கிறதுதான். அந்த எழுத்து இன்னும் அது கையிலதான் இருக்கு. இடம் கிடைச்சதும் விர்ஷ் ரெஸ்யூம் போட்டா அதே எழுத்தை மறுபடி அனுப்பும், விஎம்முக்கு நடந்ததே தெரியாது (கடிகாரம் மட்டும் பின்தங்கியிருக்கும், க்ரோனியைப் பாருங்க). ரீசெட் அடிச்சா கையில இருக்கிறதும் போச்சு.

7/27/07-ங்கிறது ஸ்கசி பாஷையில “இடம் ஒதுக்க முடியல, அதனால எழுத விடமாட்டேன்”. அதாவது உங்க பூல்ல இடம் இருக்கு, பூலுக்கு அடியில இடம் இல்லை. தின்னுக்கு மேல தின். மேல் மாடியில 42 சதவீதம் காலின்னு காட்டினது வெறும் வாக்குறுதி. ஸ்டோரேஜ் பெட்டியோட எக்ஸ்டென்ட் பூலை (துண்டு துண்டா இடம் ஒதுக்குற கிடங்கு) வேற யாரோடவோ பங்கு போட்டுக்கிட்டிருக்கீங்க, அவங்க நேத்து ராத்திரி நிறைய எழுதியிருக்காங்க.

நம்ம தெருமுனை சின்டெக்ஸ் டேங்க் மாதிரிதான் இது. நாற்பது வீட்டுக்கும் ஆளுக்குப் பத்துக் குடம்னு கணக்கு எழுதி வச்சுக்கலாம், எல்லாரும் ஒரே காலையில பத்தும் பிடிக்காத வரைக்கும் ஓடும். உங்ககிட்ட டேங்குக்குள்ளேயே இன்னொரு டேங்க் வச்சு, அதுக்குத் தனியா ஒரு கணக்கு எழுதியிருக்காங்க.

என் பரிந்துரை: தின் ஒரே ஒரு மாடியில இருக்கட்டும், அது ஸ்டோரேஜ் பெட்டியில இருக்கட்டும். விஎம்முக்கு ஒரு லன். நடுவுல எல்விஎம் தின் வேண்டாம். லைவ் மைக்ரேஷனுக்கும் இதுதான் எளிது, ஏன்னா லன்னை ரெண்டு எல்பாரும் பார்க்கலாம், எழுதறது எந்நேரமும் ஒரு க்யூஎமு-தான்.


வியாசை_விஎம்

ரெண்டாவது கேள்வி, அழிச்சாலும் இறங்கல. இதுக்கு நான் வர்றேன்.

விஎம்முக்குள்ள ஃபைலை அழிச்சா, அந்த ஃபைல்சிஸ்டத்துக்கு மட்டும்தான் அது காலி. கீழ இருக்கிறவங்களுக்கு யாராவது சொல்லணும். சொல்றது டிஸ்கார்ட். அது பல கதவு தாண்டிப் போகணும், ஒரு கதவு பூட்டியிருந்தா அங்கேயே நின்னுடும், எரர்கூட வராது. அதான் கடுப்பு.

விஎம் உள்ள எல்எஸ்பிஎல்கே போட்டு பெரிய டி கொடுங்க. டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் ரெண்டும் 0-ன்னா முதல் கதவே பூட்டு. காரணம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, டொமைன் எக்ஸ்எம்எல்ல (விஎம்மோட அமைப்புக் கோப்பு) டிரைவர் வரியில டிஸ்கார்ட்=‘அன்மேப்’ இல்லை; சொல்லாட்டி ‘இக்னோர்’தான். ரெண்டாவது, மெஷின் டைப் (க்யூஎமு விஎம்முக்குக் காட்டுற மெஷினோட பதிப்பு) பழசு. விர்ட்டியோ-பிளாக்ல டிஸ்கார்ட் வந்ததே க்யூஎமு 4.0, விஎம் கர்னல் 5.0-லேருந்துதான். எக்ஸ்எம்எல்ல க்யூஎமு 4.0-க்கு முந்தின மெஷின் டைப் இருந்தா, ஹோஸ்ட் எவ்வளவு புதுசா இருந்தாலும் அந்த விஎம்முக்கு டிஸ்கார்ட் கிடைக்காது. வருஷக்கணக்கா காப்பி பண்ணிக் காப்பி பண்ணி வந்த எக்ஸ்எம்எல்ல இது சகஜம். மாத்தினா விஎம்மை முழுசா ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் பண்ணணும். உள்ளேருந்து ரீபூட் பண்ணா பழைய க்யூஎமு ப்ராசஸ்தான் தொடரும், ஒண்ணும் மாறாது.

அடுத்த கதவு லக்ஸ் (லினக்ஸோட டிஸ்க் என்க்ரிப்ஷன்). மெயின்ஃப்ரேம்ல பிஏஇஎஸ் வச்சு டிஸ்கை என்க்ரிப்ட் பண்றது வழக்கம். டிஎம்-கிரிப்ட் தானா டிஸ்கார்டைக் கீழ விடாது. கிரிப்ட்டாப்ல டிஸ்கார்ட்-னு சேர்க்கணும். சேர்த்தா எந்த பிளாக் காலின்னு வெளிய தெரியும், அது உங்க பாதுகாப்புக் கொள்கைக்கு ஒத்துவருமான்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. என்க்ரிப்ட் ஆன டிஸ்க்ல டிடெக்ட்_ஜீரோஸ் (பூஜ்யமா எழுதுறதைக் கண்டுபிடிக்கிறது) போடுறதும் வீண், அங்க பூஜ்யமே பூஜ்யமா இருக்காது.

எல்விஎம்.கான்ஃப்ல இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் மாத்தணுமான்னு நிறையப் பேர் கேக்கறாங்க. தேவையில்லை. அது எல்வியை அழிக்கும்போது, சுருக்கும்போது மட்டும்தான். எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்தையெல்லாம் கீழ சொல்ற கட்டளை) அதைக் கேக்காமலே சாதா எல்வி வழியாப் போகும்.

ஹோஸ்ட்ல: எஸ்ஜி_விபிடி, பக்கம் எல்பிபிவி, ஏதாவது ஒரு எஸ்டி (லன்னோட ஒரு பாதையை லினக்ஸ் காட்டுற டிஸ்க்) மேல ஓட்டுங்க. எல்பிபியூ 1-ன்னா பெட்டி அன்மேப் (டிஸ்கார்டோட ஸ்கசி வடிவம்) வாங்கும். எல்பிபிஆர்இசட் 1-ன்னா, அன்மேப் ஆன இடத்தைப் படிச்சா பூஜ்யம் வரும்னு உத்தரவாதம். இந்த ரெண்டாவது எண்ணை எழுதி வச்சுக்கங்க, பின்னாடி லன் மாத்தும்போது தேவைப்படும். சிஸ்ல ஸ்கசி_டிஸ்க் அடியில ப்ரொவிஷனிங்_மோட் ‘அன்மேப்’னு இருக்கணும். ‘ஃபுல்’னு இருந்தா கர்னல் அந்த லன்னைத் தின்னாவே மதிக்கல.

எல்லாக் கதவும் திறந்த பிறகும் 30 ஜிபி அழிச்சு 30 ஜிபியும் திரும்ப வரணும்னு எதிர்பார்க்காதீங்க. பெட்டி இடத்தைத் துண்டு துண்டாத்தான் திரும்ப எடுக்கும். டிஎஸ்8000 (ஐபிஎம்மோட ஸ்டோரேஜ் பெட்டி) வகைன்னா எஃப்சிபி பக்கம் சின்ன எக்ஸ்டென்ட் 16 எம்பி, பெரிசு 1 ஜிபி. 1 ஜிபி துண்டுல 4 கேபி உயிரோட இருந்தாலும் முழுத் துண்டும் உங்க கணக்குலதான். சின்ன எக்ஸ்டென்ட் பூல்ல கேளுங்க.

அப்புறம் மவுன்ட்ல ‘டிஸ்கார்ட்’ போடாதீங்க. ஒவ்வொரு அழிப்புக்கும் ஒரு அன்மேப் போகும். எஃப்எஸ்ட்ரிம் டைமர் போதும்.


எண்ணூர்_எல்பார்

நாலாவது கேள்விக்கு. 3390-ஐ ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் கணக்கு வேறு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மாடல் 54 என்றால் 65,520 சிலிண்டர். ஒரு சிலிண்டரில் 15 டிராக். ஒரு டிராக்கின் கொள்ளளவு 56,664 பைட். ஆனால் லினக்ஸ் 4 கேபி பிளாக்காக வடிவமைக்கும்போது ஒரு டிராக்கில் 12 பிளாக்தான் கொள்ளும், அதாவது 48 கேபி. மீதி, பிளாக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குப் போய்விடும். சிலிண்டருக்கு 720 கேபி. மொத்தத்தில் 54 என்று பெயர் வைத்த டிஸ்கில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 45 ஜிபி. 200 ஜிபி விஎம் ஒன்றுக்கு ஐந்து டிஸ்கைக் கோத்தாக வேண்டும். 40 விஎம்முக்கு 200 டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிவைஸ் எண். பெரிய இஏவி (நீட்டிக்கப்பட்ட 3390) டிஸ்க் தருவார்களா என்று கேளுங்கள், 2,62,668 சிலிண்டர் கொண்டது ஒன்றே 180 ஜிபி வரும்.

தின் டாஸ்டியை அந்தப் பெட்டியில் இஎஸ்இ வால்யூம் என்பார்கள். இதில் சின்ன எக்ஸ்டென்ட் 21 சிலிண்டர், லினக்ஸ் கணக்கில் 15 எம்பிக்குக் கொஞ்சம் கீழே. பெரியது 1,113 சிலிண்டர், ஏறக்குறைய 783 எம்பி. லினக்ஸ் கர்னல் 5.3-லிருந்து இஎஸ்இ-யை அடையாளம் காணும்: சிஸ் அடியில் பஸ், சிசிடபிள்யூ, டிவைஸஸ், உங்கள் எண்ணுக்குள் போனால் ‘இஎஸ்இ’ என்ற கோப்பில் 1 இருக்கும். அதே இடத்தில் ‘கெப்பாசிட்டி’ அடைவில் ஸ்பேஸ்_அலோகேட்டட், இதுவரை உண்மையில் பிடித்த சிலிண்டர். ‘எக்ஸ்டென்ட்_பூல்’ அடைவில் வார்ன்_த்ரெஷோல்ட், கேப்_அட்_வார்ன்லெவல், பூல்_ஓஓஎஸ். இந்தக் கடைசி மூன்றுதான் என் கண்ணுக்கு 3390-இன் பெரிய லாபம்: பெட்டியின் பூல் நிலைமையை ஸ்டோரேஜ் டீமிடம் டிக்கெட் போட்டுக் கேட்காமல் எல்பாரிலிருந்தே படித்துவிடலாம். பூல் நிரம்பினால் டாஸ்டி டிரைவர் டிஸ்கை நிறுத்தி வைத்து, இடம் வந்ததும் தொடரும்.

சிக்கல்கள். டாஸ்டிஎஃப்எம்டி (டாஸ்டியை வடிவமைக்கும் கட்டளை) இஎஸ்இ-யில் முதலில் இடத்தை விடுவித்துவிட்டுச் சில டிராக்கை மட்டும் வடிவமைக்கும், மற்றவை முதல் எழுத்தின்போது தானாக வடிவமைக்கப்படும். யாராவது இது தவறென்று நினைத்து --நோ-டிஸ்கார்டுடன் முழு வடிவமைப்பு ஓட்டினால் டிஸ்க் முழுக்க ஒதுக்கப்பட்டுவிடும், தின் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். அடுத்தது, வியாசை சொன்ன எல்எஸ்பிஎல்கே சோதனையை இங்கேயும் செய்யுங்கள். டாஸ்டியில் 0 வந்தால் எஃப்எஸ்ட்ரிம் வழியாக இடம் திரும்பாது, டிஸ்கைக் காலி செய்து மறுபடி வடிவமைத்தால்தான் உண்டு. உங்களைப் போல லாக் எழுதி அழித்து எழுதி அழிக்கும் இடத்துக்கு அது பெரிய குறை. மூன்றாவது, டாஸ்டி டிஸ்கில் பிளாக் 4,096 பைட், அதிகபட்சம் 3 பார்ட்டிஷன். 512 பைட் செக்டரில் உருவான உங்கள் இப்போதைய இமேஜை அப்படியே நகலெடுத்தால் பார்ட்டிஷன் அட்டவணை பொருந்தாது. உள்ளே புதிதாக நிறுவி, தரவை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆகவே விஎம்களுக்கு எஃப்சிபி-யிலேயே இருங்கள். எல்பாரின் சொந்த ரூட் டிஸ்க், டம்ப் டிஸ்க் இவற்றுக்கு 3390 வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் தின் அல்லாமல் முழு ஒதுக்கீட்டில். பூல் நிரம்பிக் கர்னல் விழும் ராத்திரியில் டம்ப் எழுதவும் இடமில்லை என்றால் காரணமே தெரியாமல் போகும்.


ராயபுரம்_ரூட்

விஎம்முக்கு ஒரு லன் எல்லாம் சரிதான் பாஸ், ஆனா 41-வது விஎம் வேணும்னா டிக்கெட் போட்டு ஸ்டோரேஜ் டீம் வாசல்ல நிக்கணுமே. 40 லன், 4 பாதைன்னா ஒவ்வொரு எல்பார்லயும் 160 எஸ்டி வேற. பெரிய லன்னை ஜிஎஃப்எஸ்2 (பல ஹோஸ்ட் சேர்ந்து எழுதுற ஃபைல்சிஸ்டம்) ஆக்கி, அதுல இமேஜ் ஃபைல் வச்சா தீர்ந்தது. இல்லாட்டி என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல்சிஸ்டம்).


பெரம்பூர்_டாஸ்டி

160 எஸ்டி ஒரு பாரமே இல்லை. ஜிஎஃப்எஸ்2 தப்புன்னு சொல்லல. ஆனா அதோட சேர்ந்து பேஸ்மேக்கர் (க்ளஸ்டர் மேலாளர்), டிஎல்எம் (பொதுப் பூட்டு), ஃபென்சிங் (கெட்டுப்போன ஹோஸ்டை வெட்டி விடுறது) மூணும் வீட்டுக்குள்ள வரும். ஃபென்சிங் இல்லாத ஜிஎஃப்எஸ்2, ஒரு எல்பார் மூச்சை நிறுத்தினதும் அடுத்ததையும் சேர்த்து நிறுத்திடும். எல்பாருக்கு ஃபென்ஸ்_ஐபிஎம்இசட் இருக்கு, எச்எம்சி-யோட பேசி எல்பாரை இறக்கும். அதுக்கு எச்எம்சி-ல அனுமதி வாங்கணும். இல்லாட்டி எஸ்பிடி, டியாக்288 வாட்ச்டாகோட. ரெண்டே ரெண்டு நோடுன்னா க்வோரம் (பெரும்பான்மைக் கணக்கு) தலைவலி தனி. எல்லாத்துக்கும் மேல, ஆர்ஹெச்இஎல் 10-ல ஜிஎஃப்எஸ்2 கிடையாது. இப்ப 9-ல கட்டினா அடுத்த அப்கிரேடுக்கு மறுபடி வீடு மாத்தணும்.

என்எஃப்எஸ்னா பதிப்பைப் பாருங்க. 4.2-லதான் ஃபைல் நடுவுல ஓட்டை போட்டு இடத்தைத் திருப்பித் தர வழி இருக்கு. 3-லயோ 4.1-லயோ விஎம்ல எஃப்எஸ்ட்ரிம் அடிச்சாலும் சர்வர்ல ஃபைல் அதே பருமன்ல நிக்கும்.


தண்டையார்பேட்டை_திரெட்

விஎம்முக்கு ஒரு லன்-னு முடிவு. ஸ்டோரேஜ் டீமும் சின்ன எக்ஸ்டென்ட் பூல்ல, எங்களுக்குன்னு தனியா 4 டிபி ஒதுக்கித் தர ஒத்துக்கிட்டாங்க. பி-யை மாஸ்க் எடுத்து இறக்கியாச்சு. ஏ-ல தின்_செக் சுத்தம். ஒரு விஎம்ல மட்டும் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் தப்பு காட்டுது, அதைப் பேக்கப்லேருந்து கட்டுறோம். பழைய தின் எல்வியிலேருந்து புது லன்னுக்கு டிடி (அப்படியே நகலெடுக்கிற கட்டளை) போட்டுத் தள்ளிடலாமா? அலாரம் எத்தனை சதவீதத்துல வைக்கிறது?


வியாசை_விஎம்

டிடி போட்டா 200 ஜிபியும் எழுதும் ப்ரோ. காலி இடத்தைப் பூஜ்யமா எழுதி 40 லன்னையும் கொழுக்க வச்சிடும். தின் பூலுக்குப் பேர் வச்சவன் தமிழனா இருக்கணும், கொடுத்தா தின்னுக்கிட்டே இருக்கும்.

ஒவ்வொரு விஎம்முக்கும் இப்படி: விஎம்மை ஷட்டவுன். புது லன்னோட மல்டிபாத் டிவைஸ் மேல பிஎல்கேடிஸ்கார்ட் ஒரு தடவை (பேரை ரெண்டு தடவை படிச்சுட்டு என்டர் தட்டுங்க). அப்புறம் க்யூஎமு-இமேஜ் கன்வர்ட், -பி -என், --டார்கெட்-ஈஸ்-ஜீரோ, -டி நன் (கேஷ் வேண்டாம்னு சொல்றது), ரெண்டு பக்கமும் ரா. -என் போட்டா டார்கெட்டை உருவாக்காது, இருக்கிற லன்ல எழுதும். --டார்கெட்-ஈஸ்-ஜீரோ இல்லாட்டி அது லன்ல என்ன கிடக்குதோன்னு பயந்து காலி இடத்துக்கும் பூஜ்யம் அனுப்பும். இது க்யூஎமு 5.0-லேருந்து இருக்கு. ஆனா முன்னாடி எழுதி வைக்கச் சொன்ன எல்பிபிஆர்இசட் 1-ஆ இருந்தா மட்டும்தான் இதைப் போடணும். 0-ன்னா பிஎல்கேடிஸ்கார்ட் பண்ண இடத்துல பழைய குப்பை தெரியலாம், அதைப் பூஜ்யம்னு நம்பினா விஎம்முக்குள்ள குப்பை வரும்.

எக்ஸ்எம்எல்ல டிஸ்க் பேரை எம்பாத்ஏ, எம்பாத்பி-ன்னு கொடுக்காதீங்க, ரெண்டு எல்பார்ல அது ஒரே லன்னா இருக்கணும்னு கட்டாயமில்லை. டெவ் டிஸ்க் பை-ஐடி அடியில டிஎம்-யூயூஐடி-எம்பாத்-3600-ன்னு ஆரம்பிக்கிற நீளப் பேரைப் போடுங்க. கேஷ்=‘நன்’, ஐஓ=‘நேட்டிவ்’, டிஸ்கார்ட்=‘அன்மேப்’. ‘ஷேரபிள்’ டேக் சேர்க்காதீங்க. மைக்ரேஷனுக்கு அது தேவையில்லை, சேர்த்தா ஒரே டிஸ்கை ரெண்டு இடத்துல திறக்காம காக்கிற பூட்டுதான் தளரும். விர்ட்லாக்டி-யை (அந்தப் பூட்டைப் போடுற சேவை) ரெண்டு ஹோஸ்ட்லயும் எழுப்பி வைங்க, லாக் அடைவு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல இருக்கணும். ஒரு சின்ன என்எஃப்எஸ் போதும்.

இன்னொண்ணு, எல்லாரும் மறக்கறது. விஎம்முக்குள்ள எல்விஎம் இருந்தா, இனிமே ஹோஸ்ட் கண்ணுக்கும் அந்த விஜி தெரியும், பூட்ல ஆக்டிவேட் பண்ணிடும். ஆர்ஹெச்இஎல் 9-ல டிவைசஸ் ஃபைல் (எல்விஎம் பார்க்கலாம்ங்கிற டிஸ்க் பட்டியல்) இருக்கு, அதுல ஹோஸ்டோட சொந்த டிஸ்க் மட்டும் இருக்கான்னு எல்விஎம்டிவைசஸ் போட்டுப் பாருங்க.


எண்ணூர்_எல்பார்

அலாரத்துக்குப் பொதுவான ஒரு சதவீதம் கிடையாது. புது டிஸ்க் கேட்டால் கைக்கு வர எத்தனை வாரம் ஆகும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, வாரம் 60 ஜிபி கூடுகிறது, கொள்முதல் முடிய 8 வாரம் என்றால் 480 ஜிபி. அதன் மேல் ஒரு மோசமான ராத்திரிக்கு 250 ஜிபி சேருங்கள். 730 ஜிபி; 4 டிபியில் 18 சதவீதம். ஆக 80-இல் அலாரம் அடித்தால்தான் மூச்சுவிட நேரம் இருக்கும். 90-இல் வைத்தால் மிஞ்சுவது 400 ஜிபிதான்; ஒரு மோசமான ராத்திரி போனால் மீதி 8 வாரம் தாங்காது.

மோசமான ராத்திரி எது என்பதையும் பட்டியல் போட்டு வையுங்கள். 40 விஎம்மிலும் ஒரே நேரத்தில் டிஎன்எஃப் அப்டேட். டேட்டாபேஸ் புது டேபிள்ஸ்பேஸை முழுக்க எழுதி நிரப்புவது. பேக்கப்பிலிருந்து இமேஜைத் திரும்ப ஏற்றும்போது ஸ்பார்ஸ் பண்பு போய் 200 ஜிபியும் நிரம்புவது. ஸ்வாப் பார்ட்டிஷன்: ஒரு தடவை எழுதப்பட்ட ஸ்வாப் இடம், டிஸ்கார்டுடன் ஸ்வாப்ஆன் செய்யாதவரை திரும்பாது. உங்களுக்குக் கப்பல் வரும் ராத்திரிகளும் இதில் சேரும், ஆவணங்கள் ஒரே மொத்தமாக வந்து விழும் அல்லவா.

எங்காவது ஒரு எல்பாரில் மட்டும் உள்ளூர் எல்விஎம் தின் பூல் வைத்துக்கொண்டால், எல்விஎம்.கான்ஃபில் தின்_பூல்_ஆட்டோஎக்ஸ்டென்ட்_த்ரெஷோல்ட் 100 என்றுதான் வரும். 100 என்றால் தானாக நீளாது. 70 ஆக்கி, எல்விஎம்2-மானிட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பூல் நிரம்பினால் கர்னல் இயல்பாக 60 விநாடிதான் எழுத்துகளைப் பிடித்து வைக்கும், பிறகு எரர் கொடுத்துவிடும். டேட்டா சதவீதத்தை மட்டும் பார்த்து மெட்டாடேட்டா சதவீதத்தை விட்டுவிடாதீர்கள். அது நிரம்பினால் பழுது பார்ப்பதும் கடினம்.


தண்டையார்பேட்டை_திரெட்

முதல் 4 விஎம் மாத்தியாச்சு. ஒரு விஎம்ல மெஷின் டைப் நிஜமாவே பழசாத்தான் இருந்துச்சு, மாத்தி ஷட்டவுன், ஸ்டார்ட் பண்ணதும் எல்எஸ்பிஎல்கே-ல எண் வந்துடுச்சு. எஃப்எஸ்ட்ரிம் -ஏவி போட்டதுல அந்த லன் பெட்டிக் கணக்குல 91-லேருந்து 57 ஜிபிக்கு இறங்கிச்சுன்னு ஸ்டோரேஜ் டீம் சொல்றாங்க. எல்லாத்துலயும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை எனேபிள் பண்ணிட்டுப் போறேன்.


வியாசை_விஎம்

எனேபிள் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அந்த டைமர் ‘வீக்லி’. சிஸ்டம்டி கணக்குல அது திங்கட்கிழமை 00:00. 40 விஎம்மும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல அன்மேப்பைக் கொட்டும், பெட்டி திணறும், உங்க திங்கள் அதிகாலை வேலையெல்லாம் மந்தமாகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் எஃப்எஸ்ட்ரிம்.டைமர் போட்டு, டைமர் பகுதியில முதல்ல வெறும் ‘ஆன்கேலண்டர்=’ ஒரு வரி, அது பழசைத் துடைக்கும். அடுத்த வரியில கப்பல் வேலை இல்லாத நாள், நேரம். அதுக்குக் கீழ ரேண்டமைஸ்டுடிலேசெக்=4எச். மாத்தின பிறகு சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்ல ஒவ்வொரு விஎம்மும் வேற வேற நேரம் காட்டுதான்னு பாருங்க.